டீச்சரிடம் கேளுங்கள்: ஏழே கால் கிலோ கொழுந்து, 82 கூடை

சென்ற இதழில், பைத்தன் நிரலிலிருந்து சி மொழி லைப்ரரி (முன்பே எழுதித் தயாராக வைத்த நிரல் தொகுப்பு) ஒன்றைக் கூப்பிடுவது எப்படி என்று பத்து வரி எழுதியிருந்தேன். அந்தப் பத்து வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் படங்களும் இந்த மாதப் பக்கத்தை முழுவதும் பிடித்துக்கொண்டன. எல்லாம் ஹெடர் கோப்பைச் சுற்றியே, அதாவது அந்த லைப்ரரியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கோப்பைச் சுற்றியே இருப்பதால் ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். பிரிண்டர், வைரஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் உயர்தரத்தில் பைத்தன் படிக்கிறேன். அண்ணாவின் பழைய ஃபோனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு சி மொழியும் பழகுகிறேன். சி ஹெடர் கோப்பை எதற்காக இன்னொரு மொழிக்கு மாற்ற வேண்டும்? இன்னொன்று: ஒரு ஸ்ட்ரக்டுக்குள் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கட்டு) ஒரு சார் (1 பைட்), ஒரு இன்ட் (4 பைட் முழுவெண்), மறுபடி ஒரு சார் வைத்தேன். 1, 4, 1 கூட்டினால் 6 பைட். ஆனால் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 12 என்கிறது. என் கணக்குப் பிழையா, ஃபோன் பிழையா?
– மாணவி, பண்டாரவளை

பதில்: இரண்டிலும் பிழையில்லை மகள். பழைய ஃபோனில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் என் வாழ்த்து.

தோட்டத்துச் செக்ரோல் தெரியும்தானே? யாருடைய பேர், எந்தப் பிரிவு, என்ன வேலை என்று அதில் இருக்கும். ஆட்கள் மலையில் இருப்பார்கள். ஹெடர் கோப்பும் அப்படித்தான். இன்ன பேரில் ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) உண்டு, அதற்கு இன்னின்ன வகையில் இத்தனை மதிப்புகள் கொடுக்க வேண்டும், அது இன்ன வகையில் ஒன்றைத் திருப்பித் தரும் என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். வேலை செய்யும் கட்டளைகள் லைப்ரரியில், கணினிக்கு மட்டும் புரியும் வடிவில் இருக்கின்றன. அந்த லைப்ரரியைத் திறந்து பார்த்தால் ஃபங்ஷன்களின் பேர் கிடைக்கும். எதைக் கொடுப்பது, எதை வாங்குவது என்ற விவரம் பெரும்பாலும் கிடைக்காது. அது ஹெடரில்தான் உண்டு. பைத்தனுக்கு சி ஹெடரைப் படிக்கத் தெரியாது. ஆகவே அதே விவரத்தை பைத்தனுக்குப் புரிகிற விதத்தில் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதியதைத்தான் பைண்டிங் என்கிறோம்.

ஏன் எப்போதும் சி? 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். யுனிக்ஸ் அதில் திருப்பி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு வந்த இயங்குதளங்கள், தரவுத்தளங்கள், படம் விரிக்கும் லைப்ரரிகள், கருவிகளை ஓட்டும் டிரைவர்கள் என்று அடித்தளத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது, அல்லது வெளியாருக்கு சி வழியாகக் கதவு திறப்பது. புதிதாக வரும் எந்த மொழியும் அந்தக் கதவால் நுழையப் பழகியே ஆக வேண்டும்.

இனி அந்த 12. நினைவகத்தை, அறைகள் வரிசையாக உள்ள தோட்டத்து நீள லயமாக நினையுங்கள். ஒவ்வொரு காம்பராவும் (அறையும்) ஒரு பைட். இலக்கம் 0 இலிருந்து தொடங்குகிறது. முதல் சார் 0ஆம் காம்பராவுக்குப் போகிறது. இன்டுக்கு நான்கு காம்பரா வேண்டும். ஆனால் அது 4ஆல் பிரிபடும் இலக்கத்தில்தான் குடியேறும், ஏனென்றால் அப்படி இருந்தால் செயலி அதை ஒரே தடவையில் எடுத்துவிடும். ஆகவே 1, 2, 3 வெறுமனே கிடக்க, இன்ட் 4 முதல் 7 வரை பிடித்துக்கொள்கிறது. கடைசிச் சார் 8இல். அடுத்தடுத்து இதே மாதிரி ஸ்ட்ரக்டுகளை வரிசையாக அடுக்கினால் அடுத்ததின் இன்டும் 4ஆல் பிரிபடும் இடத்தில் விழ வேண்டுமே, அதற்காக 9, 10, 11 காம்பராக்களும் பூட்டிக் கிடக்கின்றன. மொத்தம் 12. இரண்டு சாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்டைப் பின்னால் போட்டுப் பாருங்கள், 8 வரும். இன்றைக்கே டெர்மக்ஸில் செய்து பாருங்கள். அடுத்த கடிதம் உங்களுக்கு நன்றாகப் புரியும்.

கேள்வி: டீச்சர், எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மின் தராசை ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் போர்டு ஒன்றில் இணைத்து பைத்தனில் நிரல் எழுதுகிறேன். தராசு விற்றவர்கள் லைப்ரரியும் ஹெடர் கோப்பும் தந்தார்கள். ஹெடரைப் பார்த்து, பைத்தனிலிருந்து சி லைப்ரரியைக் கூப்பிட உதவும் சிடைப்ஸில் நானே கையால் பைண்டிங் எழுதினேன். அலுவலக விண்டோஸ் கணினியில் எடை சரியாக வருகிறது. பை போர்டில் ஓடவிட்டால் 7.25 கிலோவுக்கு எடை 0, கூடை 82 என்கிறது. 5 கிலோ படிக்கல் வைத்தால் எடை 0, கூடை 136. சில வேளை நிரல் தானாக நின்றுபோகிறது. தராசு பழுதா, போர்டு பழுதா? ஹெடரின் படம் இணைத்திருக்கிறேன்.
– கிளாக்கர் வேலை பார்க்கும் வாசகர், மஸ்கெலியா

பதில்: தராசும் நல்லது, போர்டும் நல்லது தம்பி. வெறுமனே "பிழையாக வருகிறது" என்று எழுதாமல் வந்த எண்களை அப்படியே எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் ஹட்டனில் உட்கார்ந்துகொண்டே என்னால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

7.25 கிலோ என்றால் 7250 கிராம். அதை 256ஆல் பிரியுங்கள். 28 தடவை போய் மீதி 82. 5000ஐப் பிரியுங்கள். 19 தடவை போய் மீதி 136. உங்கள் கூடைப் பெட்டியில் வந்த எண்கள் அவைதான். ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரை அடங்கும். எடையின் முதல் பைட் கூடையின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதாவது தராசு சரியான எடையைத்தான் அனுப்புகிறது, நீங்கள் வேறு காம்பராவின் கதவைத் தட்டுகிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்ட்ரக்ட் இப்படி இருக்கிறது: நிலைக்கு ஒரு சார், எடைக்கு ஒரு லாங் (பெரிய முழுவெண்), கூடை எண்ணிக்கைக்கு ஓர் அன்சைன்ட் சார் (மைனஸ் இல்லாத 1 பைட்). எடையை நீங்கள் 32 பிட், அதாவது 4 பைட் முழுவெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலகக் கணினியில் அது சரி, 64 பிட் விண்டோஸில் லாங் 4 பைட்தான். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். பழைய 32 பிட் பை போர்டாக இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை தலைகாட்டியே இருக்காது.

லயத்துக்குத் திரும்புவோம். உங்கள் பைத்தன் கணக்கில் நிலை 0ஆம் காம்பரா, எடை 4 முதல் 7, கூடை 8, மொத்தம் 12. லைப்ரரியின் கணக்கில் நிலை 0, எடை 8 முதல் 15, கூடை 16, மொத்தம் 24. நீங்கள் எடையைத் தேடிப்போகும் 4 முதல் 7 வரை அதற்கு வெற்றுக் காம்பரா. ஆகவே 0. நீங்கள் கூடையைத் தேடிப்போகும் 8இல் எடையின் முதல் பைட் இருக்கிறது. ஆகவே 82. நிரல் நின்றுபோவதற்கும் இதுதான் காரணம். நீங்கள் 12 காம்பராதான் ஒதுக்கிக் கொடுத்தீர்கள், லைப்ரரி 24 இருப்பதாக நம்பிப் பக்கத்து வீட்டுக்குள்ளும் சாமான் இறக்குகிறது. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு நாள் ஒன்றும் நடக்காது, ஒரு நாள் நிரலே விழுந்துவிடும்.

திருத்தம் ஒரு சொல்தான். எடைக்கு சிடைப்ஸின் லாங் வகையையே எழுதுங்கள், அந்தந்த இயந்திரத்துக்கு ஏற்ற அளவை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். அதே ஹெடரைச் சேர்த்து சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, சைஸ்ஆஃப் மூலம் ஸ்ட்ரக்டின் மொத்த அளவையும் ஆஃப்செட்ஆஃப் மூலம் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தையும் அச்சிடுங்கள். அந்த நிரலை பை போர்டிலேயே கம்பைல் செய்யுங்கள் (கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றுங்கள்). பிறகு பைத்தன் பக்கத்திலும் அதே அளவுகளை அச்சிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா எண்ணும் ஒத்துப்போனால்தான் தராசைத் தொடுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அம்மா. பொகவந்தலாவப் பக்கம் கொழுந்து பறித்தவர். படிக்கத் தெரியாது. காலை, மதியம், மாலை என்று மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) மூன்று நிறுவை. கணக்கப்பிள்ளை சத்தமாகச் சொல்லும் மூன்று எண்களையும் மனதுக்குள் போட்டு வைத்திருப்பார். இரவு அடுப்படியில் என்னிடம் சொல்லிக் கூட்டச் சொல்வார். முழுப் பேரா, அரைப் பேரா (முழு நாள் சம்பளமா, அரை நாள் சம்பளமா) என்பது அந்தக் கூட்டுத்தொகையில் இருந்தது. எடை 0 என்று வந்தால் மடுவத்தில் எல்லோரும் சத்தம் போடுவார்கள், அதை உடனே திருத்திவிடுவீர்கள். 12 கிலோ நிறுத்ததை 11.8 என்று காட்டும் பிழை வந்தால் யாரும் சத்தம் போட மாட்டார்கள், மாதக் கணக்கில் அப்படியே ஓடும். ஆகவே தினமும் காலையில் கொழுந்து வருவதற்கு முன்னால் 5 கிலோ படிக்கல்லையும் 10 கிலோ படிக்கல்லையும் வைத்துப் பார்த்து, வந்த எண்ணை நேரத்தோடு பதிவதையும் உங்கள் நிரலின் ஒரு பகுதியாக்குங்கள். ஒவ்வொரு நிறுவையும் முடிந்ததும் பறித்தவருக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எடையைக் காட்டுங்கள். அந்த அம்மாவும் இரவில் யாரிடமாவது சொல்லிக் கூட்டிப் பார்ப்பார்.

இதே வகையில் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். மழைமானியிலிருந்து தரவை எடுத்துத் தரும் வேலை. ஸ்ட்ரக்டில் ஒரு சாரும் ஒரு டபுளும் (8 பைட் தசம எண்). லாங் எதுவும் இல்லை, அளவெல்லாம் தெரிந்ததுதான் என்று நம்பி எழுதினேன். மழையளவு வாய்க்கு வந்தபடி வந்தது. இரண்டு இரவு தேடினேன். கடைசியில், அந்த ஹெடர் உள்ளே இழுத்துக்கொள்ளும் இன்னொரு ஹெடரில் ப்ராக்மா பேக் 1 என்று ஒரே ஒரு வரி கிடைத்தது. இடையில் வெற்றுக் காம்பரா விடாதே, நெருக்கி அடுக்கு என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி அது. நான் 16 பைட் என்று நினைத்த ஸ்ட்ரக்ட் உண்மையில் 9 பைட். சிடைப்ஸில் இதற்குப் பேக் என்ற அமைப்பு இருக்கிறது, ஆனால் அதை பகுதிகளின் பட்டியலுக்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் அதற்குப் பலன் இல்லை. உங்கள் தராசு ஹெடரும் வேறு ஏதாவது கோப்பை உள்ளே இழுக்கிறதா என்று பாருங்கள் தம்பி. படத்தில் மேல் வரிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன.

கேள்வி: சுமார் 300 ஃபங்ஷன் உள்ள ஹெடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. கையால் எழுத வருடம் போகும். தானாக மாற்றித் தரும் கருவிகளில் எது நல்லது டீச்சர்?
– வாசகர், இராகலை

பதில்: எந்த மொழிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரஸ்ட் மொழிக்கு பைண்ட்ஜென். அது கிளாங் கம்பைலரின் லைப்ரரியை வைத்தே ஹெடரைப் படிப்பதால், டைப்டெஃப் (வகைக்கு வைக்கும் மறுபெயர்), உள்ளடங்கிய ஸ்ட்ரக்ட், ப்ராக்மா பேக் எல்லாவற்றையும் கம்பைலர் பார்ப்பது போலவே பார்க்கும். ஜாவாவுக்கு ஜே-எக்ஸ்ட்ராக்ட். அதற்கு அடியிலிருக்கும் வசதி 2024இல் வந்த ஜாவா 22இல் நிரந்தரமானது. ஒரே ஹெடரிலிருந்து பல மொழிகளுக்குத் தர வேண்டுமென்றால் ஸ்விக். 1996இல் வெளிவந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கென்று தனிக் கோப்பு எழுதப் பழக வேண்டும். ஜிக் மொழியில் சி ஹெடரை மாற்றும் வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது.

பைத்தன் என்றால் நான் சிஎஃப்எஃப்ஐ என்ற கருவியின் பக்கம் நிற்பேன். ஹெடரில் உங்களுக்குத் தேவையான அறிவிப்புகளை மட்டும் சி மொழியிலேயே ஒட்டலாம். ஸ்ட்ரக்டின் ஒரு பகுதி மட்டும் போதுமென்றால் மற்றதற்கு மூன்று புள்ளி வைத்துவிடலாம், உண்மையான அளவை அது சி கம்பைலரிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளும். மஸ்கெலியாத் தம்பிக்கு நடந்தது இந்த வழியில் நடக்காது. பைண்டிங்கைக் கட்டும் இடத்தில் கம்பைலர் வேண்டும் என்பதுதான் சிரமம்.

300 ஃபங்ஷனும் உங்களுக்கு வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். பெரும்பாலும் பதினைந்து இருபதுதான் தேவைப்படும்.

எந்தக் கருவியானாலும் சறுக்கும் இடம் மேக்ரோ. ஹாஷ் டிஃபைன் என்று தொடங்கும் வரிகள் உண்மையில் சி மொழியே இல்லை. கம்பைலர் பார்ப்பதற்கு முன்னால் நடக்கும் வெறும் சொல் மாற்றீடு. "இந்தப் பேரைக் கண்டால் இந்த எழுத்துகளைப் போடு" என்பதற்கு மேல் அதற்கு வகையும் இல்லை, அளவும் இல்லை. 100, 101 என்று நேரான எண்ணாக இருந்தால் கருவி பிடித்துக்கொள்ளும். மற்றவற்றில் பல சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் ஹெடர் பத்தாயிரம் வரிகளுக்கு மேல். அதில் பெரும்பகுதி விளக்கக் குறிப்புதான், அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள். அதில் டிரான்சியன்ட் என்று முடியும் ஒரு மேக்ரோ இருக்கிறது. அதன் மதிப்பு மைனஸ் 1, ஆனால் அந்த மைனஸ் 1ஐ ஒரு ஃபங்ஷனின் முகவரி என்று வகை மாற்றியிருப்பார்கள். அந்த முகவரியில் ஃபங்ஷன் எதுவும் இல்லை. "நான் தரும் எழுத்துகளை நீயே ஒரு பிரதி எடுத்துக்கொள், என்னுடையதை நம்பாதே" என்று எஸ்கியூலைட்டுக்குச் சொல்லும் அடையாளம் அது. இதைப் பல கருவிகளால் மாற்ற முடிவதில்லை. ரஸ்டிலும் ஸ்விஃப்டிலும் எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைக் கையால்தான் எழுதிச் சேர்க்கிறார்கள். அது கிடைக்கவில்லையே என்று அதற்குப் பதில் 0 போட்டால், "என் எழுத்துகள் மாறாது, அப்படியே இருக்கும், பிரதி வேண்டாம்" என்று அர்த்தமாகிவிடும். உங்கள் மொழி அந்த எழுத்துகளை அதற்குள் கலைத்துவிட்டால் ஒருவருடைய பேர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை பதிவாகும். நிரல் நிற்காது, பிழையும் காட்டாது.

ஆகவே கருவி தந்த கோப்பை எடுத்து, ஹெடரில் உள்ள மேக்ரோப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஜிசிசி கம்பைலரிடம் கேட்டால் எல்லா மேக்ரோக்களையும் வரிசையாகக் கொட்டிக் கொடுக்கும். எவை விடுபட்டன என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஸ்டாட்டிக் இன்லைன் என்று எழுதிய ஃபங்ஷன்களையும் தேடுங்கள், அவை ஹெடருக்குள்ளேயே முடிந்துவிடுபவை. லைப்ரரியில் போய்த் தேடினால் கிடைக்காது.

கேள்வி: பெயரைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை சிடைப்ஸில் கூப்பிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழுகிறது. அதே நிரல் கடையிலுள்ள பழைய 32 பிட் கணினியில் ஓடுகிறது. ஏன்?
– கணினித் திருத்துநர், புசல்லாவ

பதில்: ரெஸ்டைப் (திருப்பித் தரும் வகை) எழுதவில்லை நீங்கள். ஒரு ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 32 பிட் கணினியில் முகவரியும் 4 பைட், இன்டும் 4 பைட், தப்பிவிட்டீர்கள். 64 பிட்டில் முகவரி 8 பைட். பாதியை வெட்டிவிட்டு மீதிப் பாதியை முகவரி என்று நம்பிப் போனால் வேறு எங்கோதான் போய் நிற்கும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் (கொடுக்கும் மதிப்புகளின் வகைகள்) இரண்டையும் எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், இன்ட் தருவதாக இருந்தாலும் எழுதுங்கள்.

அதற்கு அடுத்த கேள்வியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அந்தப் பெயர் இருக்கும் நினைவகத்தை விடுவிக்க வேண்டியது யார்? ஹெடரில் சார் நட்சத்திரம் (எழுத்துகளின் முகவரி) என்று மட்டும் இருக்கும். கான்ஸ்ட் (மாற்றக்கூடாது என்ற சொல்) இருந்தால் அது லைப்ரரியின் சொத்தாக இருக்கலாம், இல்லாவிட்டால் உங்கள் பொறுப்பாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்வது பக்கத்திலுள்ள விளக்கக் குறிப்பு மட்டும்தான். மறுபடி எஸ்கியூலைட்டையே பாருங்கள். ஒரு வரிசையிலிருந்து வாங்கும் எழுத்துகள் அடுத்த வரிசைக்கு நகரும்வரைதான் செல்லும், அவற்றை நீங்கள் விடுவிக்கவே கூடாது. அதே லைப்ரரி தரும் பிழைச் செய்தி ஒன்றை நீங்கள்தான் விடுவிக்க வேண்டும், அதுவும் அவர்களுடைய ஃப்ரீ ஃபங்ஷனால். இரண்டும் எழுத்துகளின் முகவரிதான். உங்கள் பொறுப்பு என்று தெரிந்தால் ரெஸ்டைப்பாக சிடைப்ஸின் சார்-பி வகையைப் போடாதீர்கள். அது உடனே பைத்தன் பைட்களாக மாற்றிக் கொடுத்துவிட்டு முகவரியைத் தொலைத்துவிடும். பிறகு எதை விடுவிப்பது?

கேள்வி: வரவு பதியும் கருவிக்குத் தொழிலாளர் பெயர்களைத் தமிழில் அனுப்புகிறேன். ராமாயி என்று சரியாக வருகிறது. செல்லம்மா என்று அனுப்பினால் "செல்லம" என்று வந்து, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. ஹெடரில் பெயருக்கு 20 இடம் இருக்கிறது. செல்லம்மாவில் 20 எழுத்து இல்லையே! ஹெடரில் 20ஐ 60 என்று மாற்றினேன், எல்லாமே குழம்பிவிட்டது.
– வாசகி, தலவாக்கலை

பதில்: அந்த 20, எழுத்துக் கணக்கில்லை தங்கச்சி, பைட் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துப் பதிவு முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் எழுத்துக்கு 3, அதோடு ஒவ்வொரு குறிக்கும் தனியாக 3. ராமாயி: ர, கால், ம, கால், ய, இகரக் குறி. 6 துண்டு, 18 பைட். முடிவைக் காட்டும் பூச்சிய பைட்டோடு 19, அடங்கிவிட்டது. செல்லம்மா: ச, எகரக் குறி, ல, புள்ளி, ல, ம, புள்ளி, ம, கால். 9 துண்டு, 27 பைட். கருவி 19 பைட்டோடு வெட்டுகிறது. 18 பைட்டில் "செல்லம" முடிகிறது, 19ஆவது பைட் அடுத்து வரும் புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒற்றைப் பைட்டுக்கு அர்த்தம் இல்லாததால்தான் கேள்விக்குறி.

ஹெடரில் எண்ணை மாற்றினால் லைப்ரரி மாறாது. லைப்ரரி கம்பைல் ஆனபோது அங்கே 20 இருந்தது. அது இன்னும் அந்த லயத்தையே மனதில் வைத்திருக்கிறது. நீங்கள் உங்கள் பிரதியில் மட்டும் 40 காம்பராவைக் கூட்டிவிட்டீர்கள், பெயருக்குப் பின்னால் உள்ள எல்லாமே 40 இடம் தள்ளிப்போய்விட்டன. உடனே பழையபடி 20 ஆக்குங்கள்.

கருவிக்குத் தொழிலாளர் இலக்கத்தை மட்டும் அனுப்புங்கள். முழுப் பெயரை உங்கள் கணினியில் தனி அட்டவணையாக வைத்து, அறிக்கை எடுக்கும்போது இலக்கத்தை வைத்து இணையுங்கள். பெயரைக் குறுக்கி அனுப்பும் யோசனை வந்தால் தயவுசெய்து வேண்டாம். என் அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தது. யாரோ ஒருவர் இடம் போதாமலோ அவசரத்திலோ ஓர் எழுத்தை விட்டிருக்கிறார். ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்காக அம்மாவும் நானும் எத்தனை தடவை பஸ் ஏறினோம், எத்தனை சத்தியக் கடதாசி கொடுத்தோம். செல்லம்மா முழுதாக செல்லம்மாவாகவே இருக்கட்டும்.

கேள்வி: தராசில் எடை மாறும்போதெல்லாம் லைப்ரரி என் பைத்தன் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். முதல் சில நிமிடம் வேலை செய்து, பிறகு நிரல் விழுகிறது.
– வாசகர், கொட்டகலை

பதில்: லைப்ரரியிடம் கொடுத்த கால்பேக்கை (அது கூப்பிட வேண்டிய உங்கள் ஃபங்ஷனை) ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால், இதை யாரும் பயன்படுத்தவில்லை என்று பைத்தன் குப்பையில் போட்டுவிடும். லைப்ரரியிடம் பழைய முகவரி மட்டும் மிச்சம். நிரல் ஓடும்வரை உயிரோடிருக்கும் ஒரு மாறியில் போடுங்கள், தீர்ந்தது.

கேள்வி: ஹெடர் கோப்பை அப்படியே ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பைண்டிங் எழுதித் தருகிறதே. பிறகு ஏன் இந்தப் பாடெல்லாம்?
– பல்கலைக்கழக மாணவர், பதுளை

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, நானும் வாங்குகிறேன். தட்டச்சு மிச்சம். ஆனால் நீங்கள் ஒட்டியது ஒரு கோப்பு. அது உள்ளே இழுக்கும் மற்றக் கோப்புகளை நீங்கள் ஒட்டவில்லை. என் மழைமானியின் ப்ராக்மா வரி அப்படி வேறு கோப்பில்தான் இருந்தது. அந்த லைப்ரரியை எந்தக் கம்பைலரில், எந்த இயந்திரத்துக்காகக் கட்டினார்கள் என்பதும் ஹெடரில் எழுதியிருக்காது. கையால் எழுதினாலும், பைண்ட்ஜென் எழுதினாலும், ஏஐ எழுதினாலும் சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் எண்களை இரண்டு பக்கமும் அச்சிட்டு ஒப்பிடும் வேலை உங்களுடையது.

அடுத்த மாதம் எனக்கு ஹெடர் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டு எண் வரிசையையும் சேர்த்தே அனுப்புங்கள். படம் எடுப்பதென்றால் முதல் வரியிலிருந்து எடுங்கள். 32 பிட்டா 64 பிட்டா, விண்டோஸா லினக்ஸா என்றும் எழுதுங்கள். மஸ்கெலியாத் தம்பி, திருத்திய பிறகு 5 கிலோ படிக்கல்லுக்கு என்ன எண் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.